காலை எட்டரைக்கு மத்தியானச் சோறு

1

மூன்று கிழமைகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்து எனக்கு ஒரு மணித்தியாலத்தை இலவசமாகக் கொடுத்தது. குளிர்காலம் வருகிறது என்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளி வைப்பார்கள். "கூடுதலாக ஒரு மணித்தியாலம் தூங்குங்கள்" என்று டிவியில் ஓர் அம்மணி தாய்ப்பாசத்தோடு சொன்னார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிற நாங்கள் அந்த ஒரு மணித்தியாலத்தை நின்றுகொண்டே அனுபவித்தோம். பன்னிரண்டு மணித்தியால வேலை அன்றைக்கு மட்டும் பதின்மூன்று. இந்த நாட்டில் எதுவும் சும்மா கிடைக்காது என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்து வழக்கம்போல அம்மாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அங்கயும் பழைய நேரம் புது நேரம் வந்திருச்சா?"

உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நம் அரசாங்கமும் கடிகாரத்தை மாற்றியது. கல்யாணப் பத்திரிகையில் இருந்து பஸ் வரைக்கும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கொண்டே சில வருஷங்களைக் கழித்தோம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மட்டும் அந்தக் கேள்வியே இல்லை. அம்மா சுவர்க் கடிகாரத்தைத் தொடவே இல்லை. "ரப்பர் மரத்துக்கு யாரு போயி சொல்றது?" என்பது அவருடைய கட்சி.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. மாறினது எங்க நேரம்தான். உங்களுக்கு ஒண்ணும் மாறல. இனி நான் கூப்பிடுறப்ப அங்க ரெண்டு மணி ஆயிரும். அவ்வளவுதான்" என்றேன். பூமி சுற்றுவதையும் சேர்த்து விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடிக்கும்.

"சரி சரி" என்றார் அம்மா. கையில் சோற்றுப் பீங்கான் இருந்தது.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான். உயர்தரத்தில் உயிரியல். பிறகு கம்பஸ், விஞ்ஞானப் பட்டம். அம்மா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது என் பழைய கொப்பியில். அப்பா நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணன் தம்பி இல்லை. அம்மா இன்றைக்கும் ரப்பர் பால் வெட்டப் போகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மரம் சும்மா நிக்கும், நானும் சும்மா நிக்கணுமா?" என்றார்.

அந்தப் பட்டத்தோடு இங்கே வந்து நான் என்ன செய்கிறேன்? இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை முதியவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன், பம்பர்ஸ் மாற்றுகிறேன், இறந்துபோன கணவருக்குத் தேநீர் எடுத்துப் போகச் சொல்பவரிடம் "கொடுத்துவிட்டேன்" என்று பொய் சொல்கிறேன். விசாவில் இதற்கு மிக மரியாதையான ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கேக் வெட்டவில்லை.

முதலில் எனக்குப் பகல் வேலைதான். இந்த ஏப்ரலில் இரவு வேலைக்கு மாறிய முதல் மாதமே நான் ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன். வேலை முடிந்து அறைக்கு வந்தால் காலை எட்டரை. அங்கே மத்தியானம் ஒரு மணி. நான் ஊரில் இருந்தபோதும் அம்மா ஒரு மணி வாக்கில்தான் சாப்பிடுவார் என்பது என் ஞாபகம். அப்படியானால் சேர்ந்தே சாப்பிடலாமே? போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்து அம்மா அந்தப் பக்கம், ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து நான் இந்தப் பக்கம். அவருக்குச் சோறு, பருப்பு, கருவாடு. எனக்குச் சோறு, பருப்பு, டின் மீன். சாப்பிட்டு முடித்துக் கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுவேன்.

வேலைக்கு நடுவில் பசித்தால் இரண்டு துண்டு பாண் தின்பேன். அது அம்மா எழும்பிச் சாயத்தண்ணி, அதாவது வெறுந்தேநீர், குடிக்கிற நேரம். ஆகவே அதுவும் கணக்கில் சேர்ந்தது. மற்றவர்கள் இரவு வேலை உடம்பைக் கெடுக்கிறது என்று புலம்பும்போது நான் சிரித்துக்கொள்வேன். "என் உடம்பு இங்கே இல்லை, தெரணியகலை நேரத்தில் இருக்கிறது. அங்கே இது பகல் வேலைதான்" என்பேன். உயிரியல் படித்தவள் சொல்கிறேன் அல்லவா, யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஒருவர் பேசினார். நிலந்தி அக்கா. பெல்மதுளைக்காரர், சிங்களம், என்னோடு அதே இரவு வேலை. ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் இருந்திருப்போம். இங்கே ஒரே மைக்ரோவேவில் சோறு சூடாக்குகிறோம்.

"நங்கி, பாஸ்போர்ட்ல ஒங்களுக்கு மட்டுந்தான் விசா அடிச்சாங்க போல. வயித்துக்கு அடிக்கல்லையா?" என்றார், 'தங்கச்சி' என்று சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்து.

அவர் உயர்தரம் கலைப் பிரிவு. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

3

கடிகாரம் மாறுவதற்கு இரண்டு கிழமை முன்பு என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இல்லை, ஆனால் அதன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன் என்பது அதன் சாரம். முப்பது வயது. உடம்பு பெருக்கவும் இல்லை. வயிறு மட்டும் சில மாதமாக ஊதுவதும் இறுக்குவதுமாகத் தனியாட்சி நடத்திக்கொண்டிருந்தது.

மருத்துவ நிலையத்தில் தாதியைப் பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குப் போன் எடுக்க வேண்டும். எட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால் எடுத்தால் திறக்கவில்லை. எட்டுக்கு ஒரு நிமிஷம் பின்னால் எடுத்தால் இன்றைய இடம் முடிந்தது. எட்டு மணிக்கு நான் யாரையாவது கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருப்பேன். நான்காவது நாள் லீவில் இருந்ததால் இடம் கிடைத்தது. அங்கே ஒரு படிவம். காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று மூன்று பெட்டி. காலை எட்டரைக்குத் தின்கிற மத்தியானச் சோற்றை எந்தப் பெட்டியில் போடுவது? கோட்டின் மேலேயே எழுதினேன்.

தாதி நல்ல மனுஷி, என் வயதுதான் இருக்கும். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என் தெரணியகலைக் கொள்கையை எடுத்து விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"லீவு நாளில் எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

லீவு நாளில் நான் இங்கிலாந்துக்காரி. பகலில் விழித்திருந்து கடைக்குப் போவேன், இரவு ஒன்பதுக்குப் பீட்சா தின்பேன், பத்துக்குத் தூங்குவேன். கிழமைக்கு நான்கு இரவு வேலை, மூன்று நாள் லீவு. அப்படியானால் கிழமைக்கு இரண்டு முறை என் வயிறு கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறி இறங்குகிறது. இதை அவர் சொல்லும் வரை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். தலைக்குள் ஒரு பெரிய கடிகாரம். அதற்குக் கண் வழியாகப் போகிற வெளிச்சம்தான் சாவி. ஈரலுக்கும் குடலுக்கும் சொந்தமாகச் சின்னக் கடிகாரங்கள் உண்டு. அவற்றுக்கு வாய் வழியாகப் போகிற சோறுதான் சாவி. நான் வெளிச்சத்தை ஒரு நாட்டிலிருந்தும் சோற்றை இன்னொரு நாட்டிலிருந்தும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உடம்பு இரவு என்று நினைக்கிற நேரத்தில் வயிறு நிறைய சோறு போட்டால், அந்தச் சீனியை எடுத்து வைக்க ஆள் அரைத்தூக்கத்தில்தான் வருகிறது. சீனி இரத்தத்திலேயே சுற்றுகிறது.

அதைவிடக் குடலுக்குள் கோடிக்கணக்கான பக்டீரியா. அவற்றைத் தோட்டத்து ஆட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் பெரட்டு, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற காலைக் கூட்டம், உண்டு. சோறு வருகிற நேரத்துக்கு ஒரு கூட்டம் வேலைக்கு வரும், சோறு இல்லாத நேரத்தில் வேறு கூட்டம் வந்து கூட்டிப் பெருக்கும். இன்றைக்கு விடியவும் நாளைக்குப் பொழுதுபட்டும் நாளன்றைக்கு நடுச்சாமத்திலும் பெரட்டு அடித்தால் எந்தக் கூட்டம் எப்போது வரும்? கொஞ்ச நாளில் எல்லாரும் எந்நேரமும் அரைகுறையாக வந்து நிற்பார்கள். வயிறு ஊதும், குடல் சுவர் பழுதாகும், சீனிக் கட்டுப்பாடும் தளரும் என்று சொல்கிறார்கள். "இதில் இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது" என்றும் அந்தத் தாதி சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. பொறாமையாக இருந்தது.

வேலைக்குப் போகுமுன் ஒழுங்கான சாப்பாடு, இரவில் முடிந்தவரை கொஞ்சமாக, விடிந்து தூங்கப் போகுமுன் வயிறு நிறையச் சோறு வேண்டாம், லீவு நாளிலும் நேரத்தைத் தூக்கிப் போடாதே. இவ்வளவுதான் மருந்து. முதலில் இரண்டு கிழமைக்கு எத்தனை மணிக்கு என்ன தின்றேன் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

4

எழுதினேன். கொப்பியில் கோடு போட்டு, இங்கிலாந்து நேரம், ஊர் நேரம் என்று இரண்டு நிரல். அவர் கேட்டது ஒன்றுதான். நான் படித்தவள், இரண்டு போட்டேன். அம்மாவோடு சாப்பிட்ட நாட்களில் அம்மா என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதினேன்.

இரண்டாவது கிழமை முடிவில் ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் கொப்பியை நிலந்தி அக்காவிடம் காட்டினேன். அழகான கையெழுத்துக்காகத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நங்கி, அம்மாவும் இங்கிலாந்திலயா இருக்காங்க?"

"ஏன் அக்கா?"

"போன கிழமை அம்மா ஒரு மணிக்குச் சாப்பிட ஒக்காந்திருக்காங்க. இந்தக் கிழமை முழுக்க ரெண்டு மணிக்கு ஒக்காந்திருக்காங்க. நேரம் மாறினது நமக்குத்தானே?"

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அம்மாவிடம் நானே சொன்னேன், உங்களுக்கு ஒன்றும் மாறவில்லை என்று. பூமியைச் சுற்றிக் காட்டி விளக்கினேன். அதற்குப் பிறகு எட்டு நாள், எட்டரைக்குக் கூப்பிடும்போதெல்லாம் அவர் "இப்பத்தான் ஒக்காந்தேன்" என்று பீங்கானைத் தூக்கிக் காட்டினார். நானும் பார்த்தேன், கொப்பியில் எழுதினேன், கோடும் போட்டேன். விஞ்ஞானப் பட்டதாரி.

அம்மாவுக்கு ஏழு வருஷமாகச் சீனி வருத்தம். விடியற்காலை சாயத்தண்ணியோடும் பாதி ரொட்டியோடும் குளிசை போட்டுக்கொண்டு பால் வெட்ட மலைக்குப் போவார். அந்தக் குளிசை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். நேரத்துக்குச் சோறு போகாவிட்டால் இறங்கிக்கொண்டே போகும். இது எனக்குத் தெரியும். அம்மாவின் கிளினிக் கொப்பியை வாசித்து விளக்கியதே நான்தான்.

5

அம்மாவைக் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்து பக்கத்துக் காம்பரா சுமதி மதினியைக் கூப்பிட்டேன். அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டுகிறவர்.

"மதினி, அம்மா எத்தன மணிக்கு சாப்பிடுறாங்க?"

"ஏன், ஒனக்குத் தெரியாதா? ஒங்கூடத்தானே திங்கிது."

"நான் இல்லேன்னா?"

"நீ இங்க இருந்தப்ப பதினொண்ணரைக்குப் பால நிறுத்துக் குடுத்துட்டு வந்த ஒடனே திங்கும். ஒனக்கு ஸ்கூலு விட்டு வாற நேரம் ஒரு மணி, அப்ப திரும்ப ஒரு வாய் சும்மா ஒங்கூட ஒக்காரும். இப்ப வந்து சோத்த மூடி வச்சிட்டு போனப் பாத்துக்கிட்டு இருக்கும். நான் கூப்பிட்டாலும் வராது. 'எம்புள்ள வந்துரும்'னு சொல்லும். என்னமோ நீ தெரணியகல டவுன்ல இருந்து வாற மாதிரி."

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "சொல்ல வேணாம்னு சொல்லிச்சு. போன செவ்வாக்கெழம, நீ கூப்பிடுறதுக்கு முன்ன, பைப்படியில தண்ணி புடிக்கப் போயி கண்ணு இருட்டி ஒக்காந்திருச்சு. ஒடம்பெல்லாம் வேர்த்து நடுங்குது. நான்தான் சீனித் தண்ணி கரைச்சு வாயில ஊத்துனேன். 'வெயிலு'ங்குது. அன்னைக்கு எங்க வெயிலு?"

செவ்வாய்க்கிழமை. கொப்பியைத் திறந்தேன். "அம்மா: சோறு, பலாக்கொட்டை, கீரை. நல்ல பசியோடு சாப்பிட்டார்" என்று எழுதியிருந்தேன்.

6

கம்பஸ் போன பிறகு நான் அம்மாவை "நீங்க" என்று கூப்பிடத் தொடங்கினேன். மரியாதை என்று நினைத்து அம்மா முதலில் வெட்கப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். கோபம் வந்தால் பழையதுதான் வரும். அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டதும் அதுதான் வந்தது.

"நீ எத்தன மணிக்கு சோறு திங்கிற?"

"என்னடி இது, அங்க விடிஞ்சும் விடியாமலும்?"

"எனக்கு விடிஞ்சிருச்சு. சொல்லு."

"சுமதி வாயில ஒண்ணும் நிக்காது" என்றார் அம்மா. உப்பு டப்பா சரிந்து கூரைத் தகரம் தெரிந்தது. பிறகு அவர் முகம் வந்தது.

"நீ மயங்கி விழுந்தா யாரு பாக்குறது? ஏன்மா காத்துக்கிட்டு கெடக்குற?"

"நீ எதுக்குக் காலங்காத்தால சோறு திங்கிற? வெள்ளக்காரன் நாட்டுல காலையில பாண்தானே திங்கிறாங்க."

"நீ சாப்பிடுற நேரம்னு."

"நான் நீ சாப்பிடுற நேரம்னு."

ஐயாயிரம் மைல் தூரத்தில் இரண்டு பெண்கள், ஒருவர் மற்றவரின் பசியைப் பார்த்துக்கொள்வதாக நினைத்து, தத்தம் குடலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைச் செய்ய ஒருவருக்குப் படிப்பே தேவைப்படவில்லை, மற்றவருக்குப் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது.

என் இரத்தப் பரிசோதனையைச் சொன்னேன். அதுவரை மறைத்திருந்தேன். ஆக, மறைப்பதிலும் நாங்கள் ஒரே குடும்பம்தான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. தன் மயக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் அசையாதவர், எனக்குச் சீனி வரப் பார்க்கிறது என்றதும் பீங்கானைக் கீழே வைத்தார்.

"என்னாலயா?"

"இல்ல. வேலையால. கொஞ்சம் என் மண்டக்கனத்தால."

"என்னா செய்யணும்னு சொல்லு. செய்வோம்."

"இனிமே சேர்ந்து சாப்பிட வேணாம். நீங்க பதினொண்ணரைக்கு வந்த ஒடனே சாப்பிடணும். நான் வேலைக்குப் போறதுக்கு முன்ன, சாயந்தரம் ஆறு மணிக்குச் சாப்பிடுவேன். கிளினிக்குக்குப் போயி மயக்கம் வந்தத டாக்டர்கிட்ட சொல்லுங்க. குளிசைய மாத்தணுமான்னு கேளுங்க."

"ஆறு மணின்னா இங்க எத்தன?"

"பதினொண்ணரை. ராத்திரி."

"நான் தூங்கிருவேனே."

"ஆமா. தூங்கணும்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "தனியா சோறு எறங்காது புள்ள" என்றார்.

"சுமதி மதினி கூட சாப்பிடுங்க."

"அவ வாய் ஓயாது."

"நல்லதுதான். நீங்க தூங்கிற மாட்டீங்க."

7

கிளினிக்கில் அம்மாவுக்குக் குளிசையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிழமையாகப் பதினொன்றரைக்குச் சாப்பிடுகிறார். சுமதி மதினி சோறு, அம்மா கறி என்று பங்கு. ஒருநாள் மாறி, ஒருநாள் கறிக்கு உப்பில்லை என்று சண்டை. தலைசுற்றல் இல்லை. கன்னம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, அல்லது போனின் கமராவைத் துடைத்திருக்கிறார்.

நான் இப்போது எட்டரைக்கு வந்து ஒரு கப் பால், ஒரு வாழைப்பழம். அம்மாவைக் கூப்பிடுகிறேன். வாயில் சோறு இல்லாமல் பேசுவது எங்கள் இருவருக்கும் புதிது. முதல் நாள் நான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு திரையை மூடிக்கொண்டு தூங்கப் போகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு எழும்பி, ஆறு மணிக்கு லைட்டைப் போட்டுத் தட்டில் சோறு போடுகிறேன். குடலுக்குள் இருக்கிற ஆட்கள் பெரட்டுக்குப் பழகிவருகிறார்கள் போல, ஊதல் குறைந்திருக்கிறது. இரத்தத்தை மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார்களாம். அதற்கும் எட்டு மணிக்குத்தான் போன் எடுக்க வேண்டும்.

நேற்றுக் காலை கூப்பிட்டபோது அம்மா எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் பத்துத் தரம் எடுத்தேன். என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன், ஏதோ நடந்தே போய்விடலாம் என்பதுபோல. பதினோராவது தரம் எடுத்தார். பின்னால் பஸ் சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"என்னா புள்ள? நானும் சுமதியும் கலவானைக்குப் போறோம், அவ அக்கா மக சடங்கு. சாப்பிட்டுத்தான் ஏறினேன். குளிசையும் பையில இருக்கு. நீ தூங்கலையா?"

"தூங்கத்தான் போறேன்."

"தூங்கு தூங்கு. நாளைக்கும் கூப்பிடாத, வர நேரமாகும்." பிறகு யாரிடமோ திரும்பி, "எம்புள்ளதான். தனியா இருக்கிறா, பாவம், அதான் அடிக்கடி எடுக்கிறா" என்றார். போன் நின்றது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.